லொறிக் கூழ்

ரோலரில் நசுங்கி இறங்கும் கொழுந்துக்கு முதலில் புல்லின் வாசம். வெட்டிய புல், ஈரப் புல், மாடு மென்று துப்பிய புல். அதைத் தட்டுகளில் பரப்பி வைத்துக் காத்திருந்தால் பச்சை மெல்ல மெல்லச் செம்பாகும். நிறம் திரும்புகிற அந்த வேளையில், சொல்லாமல் கொள்ளாமல், அறை முழுக்கப் பழுத்த ஆப்பிள் மணக்கும். கொஞ்ச நேரம்தான். டீ மேக்கர் குனிந்து மோந்து பார்த்து, "போதும், டிரையருக்கு அனுப்பு" என்பார். அதற்கு மேல் விட்டால் புளித்துப் போகும்.

கூட வேலை செய்கிறவர்களுக்கு அது தேயிலை பதமாகிவிட்டது என்கிற செய்தி. எனக்கு அது என் மச்சான்.

லிந்துலைக்கு மேலே இந்தத் தோட்டத்துப் பேக்டரியில் எனக்கு இரவு வேலை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த மனுசன் வந்து என் மூக்குக்குள் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். கத்தாரில் ஏதோ ஒரு மணல் ரோட்டில் ட்ரக் ஓட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கு இந்தக் குளிர் மலையில், என் வேலைக்குள், என்ன வேலை? கேட்டுப் பார்க்கிறேன். வாசம் பதில் சொல்வதில்லை.

என் மனைவி செல்வியின் அண்ணன் அவர். மரக்கறி லொறி ஓட்டினார். நுவரெலியாவில் வெங்காயத்தாள் வாசமடிக்கிற லீக்ஸும் கோவாவும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குவார், மறுநாள் வெறும் லொறியோடு ஏறி வருவார். ஜன்னல் பக்கத்து வெயில் பட்டுப் பட்டு வலது கை மட்டும் கருத்து, இரண்டு கைகளும் இரண்டு ஆட்களுடையவை போல இருக்கும். தலையில் எந்நேரமும் கம்பளித் தொப்பி. கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. நடுவில் ஒரே சுவர்.

அந்தச் சுவரை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. இரவு வேலைக்காரன் பகலில் தூங்குகிறவன். "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதீங்க." என் வீட்டில் என் பிள்ளைகள் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். எங்கள் காம்பராவில் கரண்டிகூடக் கிசுகிசுத்துத்தான் விழும். சத்தமெல்லாம் அடுத்த காம்பராவுக்குக் குடிபோய்விட்டது. என் மகள் சஞ்சனா சிரித்தால் விக்கல் மாதிரி வெட்டி வெட்டி வரும். அந்தச் சிரிப்பை நான் நேரில் கேட்டதைவிடச் சுவர் வழியாகக் கேட்டதுதான் அதிகம். தலையணையில் ஒரு காதை அழுத்திக்கொண்டால் மற்றக் காது திறந்துகொள்ளும். பொறாமைக்காரனுக்குத் தூக்கம் ஏது? அவனுக்குக் காது மட்டும்தான்.

கூழ் பிறந்தது ஒரு மண்சரிவில். கொழும்புச் சந்தையில் அடிபட்ட ஆப்பிள் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன என்று, வெறும் லொறியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ரம்பொடையில் ரோட்டை மண் மூடிவிட்டது. வழி திறந்து அவர் வந்து சேர்ந்தபோது ஆப்பிளெல்லாம் கன்றிப்போய், லொறித் தட்டில் ஊறியிருந்த லீக்ஸ் வாசத்தையும் குடித்துவிட்டிருந்தது.

"இத யாருண்ணே திம்பா? பன்னிக்குக்கூட ஆகாது," என்றாள் செல்வி.

"பூசணிக்காயக் கிண்டித் திங்கிறோமா இல்லியா? அதுமாதிரி கிண்டுவோம்."

டிசம்பர் லீவு. டயகமவிலிருந்து செல்வியின் தங்கை பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். என் இரண்டையும் சேர்த்து நாலு பேரையும் காம்பராவின் முன்பக்க இஸ்தோப்பில் வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்துவிட்டார். அழுகலைத் தோண்டு, தோலைச் சீவு, துண்டு போடு. பெரிய சோற்றுப் பானை, ஒரு குவளைத் தண்ணீர், சீனி, கறுவாப்பட்டை, ஒரு சிட்டிகை உப்பு. அடியில் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகள் சடசடவென்று எரியும். கூழ் கொதிக்கும்போது எரிமலைபோலக் குமிழி விட்டுத் துப்பும். துப்பும்போதெல்லாம் நாலு பேரும் அலறிக்கொண்டு பின்வாங்கிவிட்டு, மறுபடியும் முண்டியடித்து வருவார்கள். சுடச்சுட ரொட்டியில் தடவித் தின்றார்கள். அடுத்த டிசம்பரில் அவர் கொண்டுவரவில்லையென்றால் லயமே கவிழ்ந்திருக்கும். கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அது எங்கள் குடும்பத்து வழக்கம். தீபாவளிக்குப் பலகாரம் போல, டிசம்பருக்கு லொறிக் கூழ்.

எங்கள் குடும்பத்து வழக்கம் என்று எழுதிவிட்டேன். அதில் எனக்கு இருந்த பங்கு, சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கறுவா வாசத்தை மோந்தது.

ஒரு சம்பள நாளில் நுவரெலியாவுக்குப் போய் நல்ல ஆப்பிளாக, ஸ்டிக்கர் ஒட்டியதாக, ஒரு கீறல் இல்லாததாகத் தேடி வாங்கி வந்தேன். சஞ்சனா அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது ஆப்பிள் இல்லப்பா. இதுல லீக்ஸ் வாசமே இல்ல."

செல்வி சிரித்துச் சிரித்து இருமினாள். நான் அந்தப் பழத்தை நானே கடித்துத் தின்றேன். கடைசிவரை தின்றேன்.

அந்த மனுசனின் குணம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்த கிளை. குழந்தை கையில் ஒன்றைக் கொடுத்தால் திரும்பப் பிடுங்க மாட்டார். கரண்டியானாலும் சரி, நெருப்புக்குச்சியானாலும் சரி, நிறுத்தி வைத்த லொறியின் ஸ்டியரிங்கானாலும் சரி. என் மகன் கிஷோர் ஒருநாள் ஹோர்னை அழுத்திக்கொண்டேயிருக்க, லயம் முழுக்க வாசலுக்கு வந்து திட்டியது. அவர் கீழே நின்றுகொண்டு, "டிரைவர் அண்ணே, முன்னாடி ஆடு போகுது, பாத்துப் போங்க" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். யாராவது கடிந்துகொண்டால் சொல்கிற வார்த்தையும் ஒன்றுதான்: "குடுத்தாச்சு. இனி அதுங்களுது."

சஞ்சனாவுக்கு ஐந்து வயது. கூழ் நாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அலறல். இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடினேன். அவள் விரல் நுனியில் ரத்தம். அவர் வெட்டுவாயில் தேயிலைத் தூளை அழுத்தி, துவாயின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கத்தி இன்னும் அவளது மற்றக் கையில் இருந்தது. மரக்கறி வெட்டுகிற அசல் கத்தி.

"என்னா மச்சான் இது? அஞ்சு வயசுப் புள்ள கையில கத்தியா?"

"வெட்டிக்கிட்டாள்ல? இனி வெட்டிக்க மாட்டா மாப்ள. நீங்க போய்த் தூங்குங்க."

நான் கத்தியைப் பிடுங்கினேன். அதுவரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மட்டும் இருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். விரலுக்கு வராத அழுகை கத்திக்கு வந்தது. ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து ஒண்டிக்கொண்டாள்.

"அப்பா பயந்துட்டாரு பாப்பா. வேற ஒண்ணுமில்ல," என்றார் அவர், தலையைத் திருப்பி.

என் மகளிடம் எனக்காக அவர் பேசினார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காதுகுத்து அதற்கு முன்னால். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நம் ஆட்கள் இதிலெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறார்கள்: மடி மாமனுடையது, சீர் மாமனுடையது, அழுகிற பிள்ளையை அணைக்கிற உரிமையும் மாமனுடையது. பெற்றவனுக்குத் தாம்பாளத்தைப் பிடிக்கிற வேலை. பிடித்துக்கொண்டு நின்றேன். வலி தாங்காமல் சஞ்சனா அவருடைய கருத்த கையில் கடித்துவிட்டாள். பல் தடம் மறைகிற வரைக்கும் சந்தையில், பெட்ரோல் ஷெட்டில், டீக்கடையில் என்று எல்லாரிடமும் கையை நீட்டிக் காட்டினார். "எந் தங்கச்சி மக வச்ச முத்திரை." கடிபடக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பிறகு ஒரு வருடம் டயகமப் பிள்ளைகளில் சின்னவன் சீனி டின் என்று நினைத்து உப்பு டின்னைப் பானையில் கவிழ்த்துவிட்டான். அன்று எனக்கு லீவு, நானும் இஸ்தோப்பு வாசலில் நின்றிருந்தேன். கரண்டிகள் நின்றன. பையனின் உதடு நடுங்கத் தொடங்கியது. அவர் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"சரி. இந்த வருசம் நம்ம கூழு ஊறுகா ஆயிருச்சு. யாராவது மொளகாத்தூள எடுங்கடா. ரெண்டு தேசிக்காயும் கொண்டா."

எடுத்தார்கள். பிழிந்தார்கள். அந்த வாரம் முழுக்க நாலு பேரும் சோற்றுக்கு அதையே தொட்டுக்கொண்டார்கள். உப்பைக் கொட்டியவன் ராஜா மாதிரித் திரிந்தான். 'உப்பு வருசம்' என்று இன்றைக்கும் அதற்குப் பெயர். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நன்றாக இருந்தது. "காரம் கொஞ்சம் தூக்கல்," என்று மட்டும் சொன்னேன்.

ஒருநாள் செல்வியிடம் ஆரம்பித்தேன்.

"ஒங்கண்ணனுக்கு ஒரு பொண்ணப் பாக்கணும் செல்வி."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"வயசாகுதுல்ல அவருக்கு."

"அவருக்கு வயசாகுதா, ஒங்களுக்கு வயிறு எரியுதா?"

அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவளோடு குடித்தனம் செய்வது கஷ்டம். ஆனாலும் நான் விடவில்லை. தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு தரகரோடு தோட்டம் தோட்டமாக அலைந்தேன். மச்சான் மேல் எவ்வளவு பாசம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். டயகமவில் ஓர் இடம் பொருந்தி வந்தது. வேன் பிடித்தோம். பிள்ளைகளும் வருவோம் என்று அடம். பெண் பார்க்கப் போகிற இடத்துக்கு இதுகள் எதற்கு என்றேன். "வரட்டுமே மாப்ள, எடம் இருக்குல்ல," என்றார் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவர். போகிற வழியில் தங்கை பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டார்.

பெண் வீட்டில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சஞ்சனா மடியில் ஏறினாள். சின்னவன் முதுகில் சாய்ந்தான். மற்ற இரண்டும் கைக்கு ஒன்றாக. பெண்ணின் அம்மா முறுக்குத் தட்டோடு வந்து, நாலு தலையையும் பார்த்து, தட்டை வைத்துவிட்டுச் செல்வியை ஓரமாகக் கூப்பிட்டாள். ஓரமாகக் கூப்பிட்டாலும் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"தரகரு மொத தாரம்னுதாங்க சொன்னாரு. நாலு புள்ளைங்க இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே?"

"ஐயோ, அது ரெண்டு எங்களுதுங்க. மத்த ரெண்டு எந் தங்கச்சியோடதுங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்ப இவரு யாருங்க?"

"அது அப்பா," என்றாள் சஞ்சனா, வாயில் முறுக்கோடு, மாமன் மடியை விட்டு இறங்காமலே.

வேன் திரும்பி வருகிற வழியெல்லாம் சிரிப்பு. அவர்தான் அதிகம் சிரித்தார். அப்ப இவரு யாருங்க, அப்ப இவரு யாருங்க என்று என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே தேயிலை வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரிசையும் அதையே கேட்பது போல இருந்தது. பெண் வீட்டார் பிறகு சொல்லியனுப்பினார்கள்: மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் அவர் மனசில் எங்கள் பிள்ளைக்கு உட்கார இடம் இருக்காது போல. அந்தச் சம்பந்தம் கைநழுவியதில் லயத்திலேயே அதிகம் வருந்தியவன் நான்.

டீசல் கிடைக்காமல் லொறிகள் ரோட்டோரம் வரிசையில் கிடந்த காலம் வந்தது. முதலாளி லொறியை விற்றுவிட்டார். கொஞ்ச நாள் கையைப் பிசைந்துகொண்டு இருந்தவர் கத்தாருக்கு டிரைவராகப் போவதற்கு ஏற்பாடு செய்துகொண்டார். போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாயிற்று. அப்படி ஓர் அமைதியை நான் எத்தனை வருடம் வேண்டிக் கேட்டிருந்தேன்! ஆனால் அந்த அமைதியிலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த டிசம்பரில் நானே ஆப்பிள் வாங்கினேன். நல்ல பழங்கள், அடிபடாதவை. ஷிஃப்ட் முடிந்து வந்து, பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் உட்கார்ந்து ஒரே அளவாக வெட்டினேன். எழுந்து வரும்போது கூழ் தயாராக இருக்கட்டும், ஆச்சரியப்படட்டும் என்று. கறுவா போட்டேன். சீனி அளந்து போட்டேன். மத்தால் கடைந்தேன். ஒரு கட்டி இல்லை. பொன் நிறத்தில் பாயசம் மாதிரி வழிந்தது. செல்வி ரொட்டி சுட்டாள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள்.

சஞ்சனா கரண்டியால் கிண்ணத்துக்குள் துழாவினாள். ஓரத்தில், அடியில், மறுபடியும் ஓரத்தில்.

"என்னா தேடுற பாப்பா?"

"என் துண்டு."

எனக்குப் புரியவில்லை. கிஷோர் விளக்கினான். மாமா கூழில் எல்லாம் கரையாதாம். அவன் வெட்டுவது தடித்தடியாக இருக்கும், அது வேகாமல் அப்படியே கிடக்கும். சஞ்சனாவுடையது தோல் ஒட்டின கீற்று. டயகமச் சின்னவனுடையது சப்பையாக இருக்கும். கிண்ணத்தில் வந்ததும் இது ஒன்னுது, இது என்னுது என்று கண்டுபிடித்துச் சண்டை போட்டு மாற்றிக்கொள்வார்களாம். இத்தனை வருடம் சுவர் வழியாக நான் கேட்ட கூச்சல் அதுதானாம்.

"இதுல யாரோடதும் இல்ல," என்றாள் சஞ்சனா.

"நல்லா இருக்குப்பா," என்றான் கிஷோர். விருந்துக்குப் போன வீட்டில் சொல்வது போல, தலையை ஆட்டி, மரியாதையாகச் சொன்னான். இரண்டு பேரும் கிண்ணத்தைக் காலி செய்தார்கள். பானையின் அடியைச் சுரண்ட யாரும் அடித்துக்கொள்ளவில்லை. மிச்சத்தைச் செல்வி அடுத்த லயத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

அவர் இன்னும் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் இன்னொரு ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைகளில் வாட்ஸப்பில் முகம் காட்டுவார். தொப்பி இல்லாத தலை யாரோ வேறு ஆளுடையது போல இருக்கும். எந்தக் கையும் இப்போது மற்றதைவிடக் கருப்பில்லை, இரண்டும் கருத்துவிட்டன. எல்லாம் விசாரிப்பார். மழை பெய்யுதா, கிஷோர் என்ன படிக்கிறான், சஞ்சனா எவ்வளவு உயரம், என் இருமல் எப்படி. கூழைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. நான் கூழ் கிண்டிய அந்தக் காலையைப் பற்றி நானும் சொல்லவில்லை. செல்வி சொல்லவில்லை. பிள்ளைகளும், எப்படித்தான் அவர்களுக்குத் தோன்றியதோ, சொல்லவில்லை.

அவர் புறப்பட்ட நாளில் லிந்துலை ரோட்டில் பனி இறங்கியிருந்தது. கொழும்பு வேன் வந்து என்ஜினை அணைக்காமல் நின்றது. செல்வி அழுதுகொண்டு ஒரு பொட்டலத்தை அவர் பையில் திணித்தாள். கிஷோருக்குக் கை கொடுத்தார், பெரிய ஆளுக்குக் கொடுப்பது போல. சஞ்சனா மட்டும் அவரிடம் போகவில்லை. போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்தே அவள் அவரோடு பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்தபடி நின்றாள்.

"மாமாவப் பாக்க மாட்டியா பாப்பா?"

பார்க்கவில்லை. அவள் விரல்கள் என் விரல்களை இன்னும் இறுக்கின. அந்தக் குளிரில் அவள் உள்ளங்கை மட்டும் சூடாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆனந்தமாக இருந்தது.

அவர் அவளை வற்புறுத்தவில்லை. பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, ஒண்ணு கேக்குறேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க மச்சான்."

"டிசம்பர் வந்தா புள்ளைங்க கூழு கேக்கும். நீங்க கிண்டிக் குடுத்துறாதீங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருசந்தான். வந்து நானே கிண்டுறேன். நீங்க அப்பன், ஒங்களுக்கு என்னா, எல்லாம் இருக்கு. நீங்க கிண்டினீங்கன்னா அதுங்களுக்கு அதுவே பழகிரும் மாப்ள."

அந்த முகம் எனக்குப் புதிதில்லை. வருடக்கணக்காகப் பகலில் படுக்கப் போகுமுன் கண்ணாடியில் நான் பார்த்து வந்த முகம் அது. ஒரு 'சரி' போதும் அவருக்கு. அதை வாங்கிக்கொண்டு போவதற்காகக் காத்து நின்றார். வேன்காரன் ஹோர்ன் அடித்தான். என் கைக்குள் மகளின் கை இருந்தது.

"பாத்துப் போய்ட்டு வாங்க, மச்சான்," என்றேன்.